கை அறிந்ததுதான் கப்பல் ஏறும்

(மாரிகுப்பத்தில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சின் பொருள் ஏற்றுமதி என்று சங்கப் பலகையில் எழுதிப் போட்டதும் சிலர் சிரித்தார்கள். "நமக்கும் ஏற்றுமதிக்கும் என்ன சம்பந்தம்? கப்பல் வைத்திருக்கிறவனிடம் போய்ப் பேசுங்கள்" என்றார்கள். சிரித்தவர்களும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷம். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கேட்டுவிட்டு அவர்களே சொல்லட்டும்.

எங்களில் சிலர் ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கிறவர்கள். பார்சல் ஆபீசில் இரண்டு கணக்கு உண்டு. வெளியே போகும் சரக்குக்கு ஒன்று, உள்ளே வரும் சரக்குக்கு ஒன்று. அவுட்வர்டு, இன்வர்டு என்போம். எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஊர்க்காரனுக்கு எது செய்யத் தெரியும், எது செய்யத் தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரிந்தது வெளியே போகும். தெரியாதது உள்ளே வரும். ஒரு நாட்டின் ஏற்றுமதி இறக்குமதியும் இதே கணக்குத்தான், கொஞ்சம் பெரிய புத்தகம், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் புத்தகத்தைப் பார்ப்போம். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை பத்து மைல் ரயில் பாதை 1894-ல் வந்தது. யாருக்காக வந்தது? உங்கள் பாட்டனாரும் எங்கள் பாட்டனாரும் திருவிழாவுக்கு ஊர் போய் வரவேண்டும் என்பதற்காக அல்ல. 1880-ல் இங்கே கால் வைத்த ஜான் டெய்லர் கம்பெனியாருக்காக வந்தது. வெளியே போனது ஒரே சரக்கு, தங்கம். பம்பாய் போய்க் கப்பலேறி லண்டன் சேர்ந்தது. உள்ளே வந்தது என்ன? நிலக்கரி வந்தது. மரம் வந்தது. வெடிமருந்து, டிரில் மிஷின், இரும்புக் கயிறு, பம்பு, வைண்டிங் இன்ஜின் எல்லாம் வந்தன. அரிசி வந்தது. கடைசியாக நாம் வந்தோம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும், நிலமில்லாதவர்களாக, ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்களாக, பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்து லைன் வீட்டில் குடியேறினோம்.

1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் கொண்டு வந்தார்கள். 92 மைல் கம்பி. அந்தக் காலத்தில் உலகமே வியந்த வேலை. ஆனால் மின்சார யந்திரம் அமெரிக்காவில் செய்தது. நீரால் சுற்றும் சக்கரம் சுவிட்சர்லாந்தில் செய்தது. மின்சாரம் வந்தது, விளக்கு எரிந்தது. டைனமோ செய்கிற வித்தை வந்ததா? வரவில்லை. வரவிடவும் யாருக்கும் அவசரமில்லை. தங்கத்தை எடுத்துப் போவதற்கு அந்த வித்தை இந்த ஊர்க்காரனுக்குத் தெரிய வேண்டியதில்லையே.

அப்படியானால் நமக்கு ஒன்றும் தெரியாதா? இங்கேதான் நிதானமாகப் பார்க்கவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் பூமிக்குள் இறங்கிய சாம்பியன் ரீப் சுரங்கம் கால காலமாக உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த வெக்கையில் பாறையை இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தைக் கேட்டே இது நிற்கும், இது விழும் என்று சொன்னவர்கள் நம் அப்பன்மார்கள். எந்த இடத்தில் எந்த மரத்தை எப்படி முட்டுக்கொடுத்தால் கூரை தாங்கும் என்று டிம்பர் வேலைக்காரருக்குத் தெரியும். குண்டு வைக்கும் துளை எத்தனை, எந்தச் சாய்வு, எதற்கு முதலில் திரி என்று மருந்து வைத்தவருக்குத் தெரியும். கேஜில் ஆட்களை ஏற்றி ஆயிரக்கணக்கான அடி இறக்கி, தட்டாமல் மோதாமல் நிறுத்துவது எத்தனை பெரிய கைப்பழக்கம்! இதெல்லாம் வித்தை இல்லையா? வித்தைதான். ஆனால் கம்பெனிப் புத்தகத்தில் இதற்குப் பெயர் கூலி. மேலே இருந்த உத்தியோகம் வெள்ளைக்காரனுக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும். இத்தாலியிலிருந்துகூட ஆள் கொண்டு வந்தார்கள். நம் கையில் இருந்த அறிவைக் காகிதத்தில் எழுதித் தர ஒருவரும் இல்லை.

1930-ல் கம்பெனி என்ன கேட்டது தெரியுமா? ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை வைத்துப் பதிந்து கொள்ள வேண்டும் என்றது. குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்கா செய்கிறாய் என்று சுரங்கமே வேலையை நிறுத்தியது. நம் வரலாற்றில் மறக்கக்கூடாத போராட்டம் அது. அந்தக் கம்பெனிக்கு நம் கைரேகை வேண்டியிருந்தது, கை அறிந்திருந்தது எதுவென்று பதிந்துகொள்ள அதனிடம் ஒரு புத்தகமும் இல்லை.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போயிற்று. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது. 1961-ல் வந்த சுரங்க விதிகளின்படி மேட், பிளாஸ்டர், வைண்டிங் இன்ஜின் டிரைவர் என்று பரீட்சை வைத்துச் சர்டிபிகேட் கொடுத்தார்கள். இந்தச் சர்டிபிகேட்டை அந்த நாளில் பலர் அலட்சியம் செய்தோம். "இருபது வருடமாகச் செய்கிற வேலைக்குப் பரீட்சையா?" என்றோம். 2001 மார்ச் முதல் தேதி சுரங்கம் மூடப்பட்டபோதுதான் அதன் விலை தெரிந்தது. காகிதம் வைத்திருந்தவர் ராய்ச்சூர்ப் பக்கம் ஹட்டி தங்கச் சுரங்கத்துக்குப் போய்க் கேட்க முடிந்தது, வடக்கே செம்பு, துத்தநாகச் சுரங்கங்களுக்கு எழுதிப் போட முடிந்தது. காகிதம் இல்லாதவர், அதே வேலையை அதைவிட நன்றாகச் செய்தவர், பெங்களூரில் ஒரு கட்டிடத்து வாசலில் விசில் ஊதிக் கார்களுக்கு வழி காட்டினார். அவர்களில் பலர் இன்று இல்லை. நெஞ்சில் பாறைத் தூசியோடு போய்ச் சேர்ந்தார்கள்.

120 வருடத்தில் இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்கிறார்கள். தங்கம் தீர்ந்தால் ஊர் தீரவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஒரே சரக்கு, ஒரே வித்தை, அந்த வித்தைக்கும் வேறு இடத்தில் பெயரில்லை என்று வைத்திருந்தார்களே, அதனால்தான் இந்த நிலை.

நம் ஊரிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை நம் பக்கத்திலேயே நிற்கிறது. புல்டோசர், எக்ஸ்கவேட்டர், டம்பர் செய்கிறார்கள். அந்த யந்திரங்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அரபு நாடுகளுக்கும் போயிருக்கின்றன. எப்படி முடிந்தது? 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வந்தது. பிறகு டெலிபோன் தொழிற்சாலை, எச்.எம்.டி., பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அங்கே கடைசல் பிடித்த கை, வெல்டிங் வைத்த கை, அளவுகோல் பிடித்த கை ஆயிரக்கணக்கில் உருவாயிற்று. விமானத்துக்கு உலோகத் தகடு அறுக்கத் தெரிந்தவன் ரயில் பெட்டிக்கும் அறுப்பான், புல்டோசருக்கும் அறுப்பான். பெமல் நிறுவனமே விமானத் தொழிற்சாலையின் ரயில் பெட்டிப் பிரிவை எடுத்துக்கொண்டு வளர்ந்ததுதான். பாறையைக் குடைந்தவன் கையோ பாறையிலேயே நின்றுவிட்டது.

அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. நம் சுரங்கத்தில் பாறை வெடித்து எத்தனை பேர் செத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாறை வெடிப்பைப் பல காலம் ஆராய்ந்ததன் தொடர்ச்சியாக 1988-ல் இங்கே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் ஏற்பட்டது. சுரங்கம் மூடிய பிறகும் அந்த அறிவு மூடவில்லை. அணைக்கட்டு, மலைக்குகைப் பாதை, பூட்டான் நாட்டு நீர்மின் திட்டம் என்று அது வெளியே போய் வேலை செய்தது. செத்தவர்களின் பாறைதான் பாடம். எழுதி வைத்ததால் அது விற்கும் சரக்காயிற்று. எழுதி வைத்தவர்கள் படித்த விஞ்ஞானிகள். கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டவரின் பாடத்தை யாரும் எழுதவில்லை.

இப்போது நாம் புறப்பட்டு வந்த வட ஆற்காட்டுக்கே போவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. அங்கே நம் உறவினர் இல்லாத வீடு இந்தக் கூட்டத்தில் இருக்காது. வெள்ளைக்காரன் காலம் முதல் அந்த ஊர்களிலிருந்து போன சரக்கு தோல். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போகும். அங்கே அதை மினுக்கி, சாயமேற்றி, செருப்பும் பையும் செய்து பத்து மடங்கு விலைக்கு விற்பார்கள். குழியில் இறங்கித் தோலை மிதித்தவர் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

1972-ல் சீதாராமையா குழு என்று ஒன்று அமைந்தது. பச்சைத் தோலாகவும் பாதி பதனிட்ட தோலாகவும் நாட்டை விட்டுப் போவதைக் கட்டுப்படுத்து, முழுதாகப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் போகட்டும் என்று அது யோசனை சொன்னது. அடுத்த வருடத்திலிருந்து அரசு பச்சைத் தோலுக்குத் தடையும் பாதி பதனிட்டதற்கு அளவும் வைத்தது. வியாபாரிகள் பலர் தலையில் கை வைத்தார்கள். தொழிலே போயிற்று என்றார்கள். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சென்னை அடையாற்றில் 1948-லேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டிருந்தது. கால் நூற்றாண்டாக அங்கே ஆட்களைப் பயிற்றுவித்துக் கொண்டிருந்தார்கள். சட்டம் கதவை அடைத்தபோது, வேறு கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் தயாராக இருந்தார்கள். முதலில் மினுக்கிய தோல் போயிற்று. பிறகு செருப்பின் மேல்பாகம், அப்பர் என்கிறார்களே, அது போயிற்று. பிறகு முழு ஷூ போயிற்று. அப்பர் தைக்கும் மிஷினில் உட்கார்ந்தவர்கள் நம் பெண்கள். குழியில் மிதித்தவரின் மகள் ஷூ தைத்தாள். தையல் தெரிந்த கைக்கு ஷூவும் ஒன்றுதான், பையும் ஒன்றுதான், கையுறையும் ஒன்றுதான். அதனால் சரக்கின் வகை பெருகியது.

அங்கே எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. பாலாறு கெட்டது. நம் பேத்தமங்கலம் ஏரி வழியாகப் போகும் அதே பாலாறு, கீழே தோல் கழிவில் நாசமாயிற்று. 1996-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. ஷூ கம்பெனிகளில் பெண்களின் கூலியைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஜில்லா, அதே சாதி, அதே வறுமை. கோலாருக்கு வந்தவர் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு வித்தை, அதுவும் மண்ணோடு மூடிற்று. ஊரில் நின்றவர் மகளுக்கு வித்தை ஒரு படி ஏறிற்று.

வெளிநாட்டுக் கதை ஒன்று. வங்காள தேசம் பிறந்தபோது அதன் ஏற்றுமதி பெரும்பாலும் சணல். 1979-ல் தேஷ் என்ற கம்பெனி, தென்கொரிய டேவூ கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, 130 பேரைக் கொரியாவின் பூசான் நகரத்துக்கு ஆறு மாதம் சட்டை தைக்கப் பழக அனுப்பியது. தையல் மட்டுமல்ல, வெட்டுவது, தரம் பார்ப்பது, கணக்கு வைப்பது, வாங்குபவனுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் பழகினார்கள். திரும்பி வந்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறிச் சொந்தமாகத் தொடங்கினார்கள், அல்லது வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். முதலாளிக்கு நஷ்டம் என்பீர்கள். நாட்டுக்கு லாபம். வித்தை ஒரு கூரைக்குக் கீழே அடைபடாமல் ஊரெல்லாம் பரவியது. இன்று அந்த நாட்டு ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைதான்.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு ஒரே சரக்கு என்றால் அது நமக்குத் தெரிந்த கதை. வாங்குகிறவன் விலையை அமுக்கினால் தாங்கித்தான் ஆகவேண்டும். 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விரிசல் கண்ட கட்டிடத்துக்குள் மறுநாளும் போய் உட்காரச் சொன்னது அந்த விலை அமுக்கல்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கொரியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1963 முதல் 1977 வரை தென்கொரியா மேற்கு ஜெர்மனிக்குச் சுரங்கத் தொழிலாளர்களை அனுப்பியது. ஏறத்தாழ 8,000 பேர். அன்று அதன் ஏற்றுமதி டோப்பா முடி, பிளைவுட், சட்டை. இன்று கப்பல், கார். நடுவில் நடந்தவற்றில் ஒன்று, 1976-ல் 300 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி தன் ஆட்களுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும், இல்லையேல் அதற்கான பணத்தை அரசுக்குக் கட்டவேண்டும் என்று சட்டம் போட்டது. அந்த அரசு தொழிற்சங்கத்தை மிதித்த அரசு என்பதையும், 1970-ல் சோன் டே இல் என்ற தையல் தொழிலாளி தொழிலாளர் சட்டத்தை மதிக்கச் சொல்லித் தன் உடம்புக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்தார் என்பதையும் மறக்காமல் இதைச் சொல்கிறோம். சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சரி, நம் காலத்துக்கு வருவோம். இன்று நம் மாரிகுப்பத்தின் அவுட்வர்டு கணக்கில் என்ன போகிறது? விடியற்காலை வண்டியில் ஏறிப் பாருங்கள். உட்கார இடமில்லாமல் பெங்களூருக்குப் போகிறோம். வெளியே போகும் சரக்கு நாம்தான். ராத்திரி திரும்பி வருகிறோம், அது இன்வர்டு. கவுண்டரில் சீசன் டிக்கெட் எழுதிக் கொடுக்கும்போது கேட்டுப் பார்க்கிறோம். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லோடிங், கார்மென்ட்ஸ் என்கிறார்கள். டர்னர், ஃபிட்டர் என்று சொல்பவர் எப்போதாவது ஒருவர்.

நம் கோலார் மாவட்டத்திலேயே நரசாபுரத்தில் ஐபோன் செய்கிறார்கள். தைவான் கம்பெனி விஸ்ட்ரான் தொடங்கியது, 2023-ல் டாடா வாங்கியது. இந்தியாவின் ஸ்மார்ட்போன் ஏற்றுமதி 2024-25-ல் ஏறத்தாழ 2,400 கோடி டாலர். பத்து வருடத்துக்கு முன் இது ஒரு பொருட்டே இல்லை. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பார்சல் ஆபீஸ்காரன் கண்ணோடு பாருங்கள். அவுட்வர்டில் போன் போகிறது. இன்வர்டில் என்ன வருகிறது? சிப் வருகிறது, திரை வருகிறது, யந்திரம் வருகிறது, யந்திரத்தைச் சரிசெய்கிறவன்கூட விமானத்தில் வருகிறான். நடுவில் நம் பிள்ளை திருகாணி முடுக்குகிறாள். ஒரு ஷிப்டுக்கு ஒரே திருகாணி. சுரங்கத்தில் அப்பன் பாறையைத் தட்டியாவது பார்த்தான்.

2020 டிசம்பர் 12 அன்று அங்கே தொழிலாளிகள் கொதித்து எழுந்து கண்ணாடிகளை உடைத்ததைச் செய்தியில் பார்த்தீர்கள். உடைத்ததை நாங்கள் ஆதரிக்கவில்லை. சம்பளம் குறைத்தும் தாமதித்தும் கொடுத்தார்கள் என்பது காரணம். விசாரித்த பிறகு ஆப்பிள் கம்பெனியே அந்த ஆலையைக் கொஞ்ச காலம் புதிய ஆர்டர் இல்லாமல் நிறுத்தி வைத்தது. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்களே அங்கே பெரும்பாலோர். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தால் வித்தை யார் கையில் தங்கும்? திருகாணி முடுக்கியவள் நாளை அச்சு செய்யவும், யந்திரம் பூட்டவும், பழுது பார்க்கவும் கற்றால்தான் போனுக்குப் பிறகு வேறொரு சரக்கு இந்த மாவட்டத்திலிருந்து போகும். இல்லாவிட்டால் கம்பெனி வேறு நாட்டுக்குப் போகும் நாளில் இன்னொரு சயனைட் மேடுதான் மிச்சம்.

சயனைட் மேடு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த மேடுகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 3.3 கோடி டன் மண் என்கிறார்கள். ஊரில் பலர் "மைன்ஸ் திறக்கிறது, வேலை வருகிறது" என்று பேசிக்கொள்கிறார்கள். மேட்டை வாரி அரைப்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டாம். யந்திரம் ஓட்டவும் ரசாயனம் பார்க்கவும் தெரிந்த கொஞ்சம் பேர் வேண்டும். அந்தக் கொஞ்சம் பேர் வெளியூரிலிருந்து வரப்போகிறார்களா, நம் லைனிலிருந்து போகப்போகிறார்களா? அதுதான் கேள்வி. அன்றைக்கு ஆத்திரப்பட்டுப் பயனில்லை, இன்றைக்கே ஆள் தயாராக வேண்டும்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961 முதல் இருக்கிறது. 30 பேருக்கு மேல் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் நூற்றுக்கு இரண்டரைப் பேராவது அப்ரண்டிஸ் எடுக்கவேண்டும் என்று 2019-ல் விதியைத் திருத்தினார்கள். சட்டம் நல்லது. நடப்பு என்ன? நம் தெருப் பையன் ஒருவனை ஒரு கம்பெனி அப்ரண்டிஸ் என்று எடுத்தது. ஒரு வருடம் பெட்டி சுமக்க வைத்தது, மிஷின் பக்கம் விடவில்லை. வருடம் முடிந்ததும் போய்வா என்றது, அடுத்த செட் பையன்கள் வந்தார்கள். குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்க இது ஒரு பெயர். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே நாலைந்து தெரிந்திருக்கும். இதைப் பற்றி மாவட்ட அதிகாரிக்கு எழுத எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தயார்?

வேலை தெரிந்து காகிதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி 2015 முதல் இருக்கிறது. மத்திய அரசின் தொழில் பயிற்சித் திட்டத்தில், முன்பே கற்ற வேலையைச் சோதித்துப் பார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கும் பிரிவு உண்டு. கொத்தனார், வெல்டர், பிளம்பர், தையல்காரர் எல்லோரும் போகலாம். அந்தச் சர்டிபிகேட் உடனே கூலியை உயர்த்திவிடும் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் 2001-ல் பார்த்தோம், காகிதம் இல்லாத கை எங்கே போய் நின்றது என்று.

ஆகவே சங்கத்தில் ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன், ஊரிகம், லைன் வாரியாக. வீட்டுக்கு ஒரு பக்கம். யாருக்கு எந்த வேலை தெரியும், எங்கே கற்றது, எத்தனை வருடம், காகிதம் உண்டா, யாருக்குக் கற்றுத்தர முடியும். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் மிஞ்சியிருப்பவர்கள் தங்கள் வேலையையும் சொல்லவேண்டும். அந்த வேலை இனி எதற்கு என்று கேட்காதீர்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலும், மற்ற நாட்களில் சாயங்கால வண்டி வந்த பிறகும் சங்க அறை திறந்திருக்கும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் மதிப்பெண் சீட்டோடு வரவும்.

இதுவரை அறுபதுக்கு மேல் வீடுகள் பதிந்திருக்கின்றன. பெண்கள் பலர் கணவன் பெயரில் மட்டும் எழுதச் சொல்கிறார்கள். கார்மென்ட்ஸில் பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் ஓட்டிய ஒரு தாயார் தனக்கு வேலை எதுவும் தெரியாது என்றார். அவருக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறோம். தெரிந்த வேலை என்ற இடத்தில் தயவுசெய்து யாரும் 'கூலி' என்று எழுதாதீர்கள். எழுதினால் எங்கள் பையன்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மறுபடி கேட்பார்கள்.